இடது கையில் காப்பு இல்லை

மிதாலியைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான்.

இத்தனை வருடங்களாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை... அதனால்தானோ என்னவோ.

ஜெர்மனியில் பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். நாலு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் இருக்கிறோம். உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் இந்த நாட்டில் நடந்த கோடையில், பால்கனிகளெல்லாம் கொடிகள் தொங்கிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுக்கு மிதாலி வந்தாள். கல்கத்தாப் பெண். கணவன் யூர்கன் ஜெர்மன்காரன். தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் பூட்டிக்கொடுக்கும் வேலை. அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவன்.

நான் முதலில் பார்த்தது அவளுடைய முகத்தையல்ல, கைகளைத்தான். குப்பைப் பையோடு படியிறங்கும்போதும் பொன்! காதில் சின்னப் பூத்தோடு, கழுத்தில் நூல் போன்ற சங்கிலி, இரண்டு கைகளிலும் மெல்லிய வளையல்கள். இடது கையில் மட்டும் தனியாக ஒரு காப்பு. எங்கள் பெண்களும் பொன் போடுவார்கள்தான். ஆனால் தாலிக்கொடி, ஒரு மோதிரம், ஒரு காப்பு தவிர மற்றதெல்லாம் கலியாணவீட்டுக்கு வெளியே வந்து, மறுநாள் அலுமாரிக்குள் போய்விடும்.

ஒருநாள் கேட்டேன். இடது கைக் காப்பு உள்ளே இரும்பு, மேலே பொன் தகடு என்றாள். எங்களுக்குள் பொதுமொழி ஜெர்மன்தான். என்னை மட்டும் ‘திதி’ என்று தன் மொழியில் கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தமாம்.

“புருஷன் உயிரோடு இருக்கும்வரை இதைக் கழற்றக்கூடாது, திதி. மாமியார்தான் மாட்டிவிட வேண்டும்.”

யூர்கனின் தாயே கல்கத்தாவுக்கு வந்து தன் கையால் மாட்டிவிட்டாராம். நான் தலையாட்டினேன். மனதுக்குள் நம்பவில்லை. எந்த ஜெர்மன் மாமி அப்படிச் செய்வாள்?

யூர்கன் வெள்ளி மாலை வந்து ஞாயிறு மாலை போய்விடுவான் என்பாள். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தேன். வார இறுதி முழுவதும் எனக்கு அங்கேதான். ஆகவே அவனை நான் கண்டது இரண்டோ மூன்றோ தடவைதான். கண்ணில் படாத புருஷன்... அங்கேதான் தொடங்கியது. விசாவுக்காகச் செய்த கலியாணமோ? கேள்வி கேட்டுவிடக்கூடாதென்றுதான் எனக்குக் கடுகு அரைத்த மீன்கறி கொண்டுவருகிறாளோ? கறியைத் தின்றுகொண்டே சந்தேகப்பட்டேன்!

ஏன் அப்படி? பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். நாங்கள் அகதிகளாக வந்து ஏழு வருடம் தற்காலிகக் கடதாசியோடு அலைந்தவர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் நாங்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை கேட்டார்கள். நம்பாமலிருப்பது எப்படியென்று அந்த அறைகளில்தான் நானும் படித்துக்கொண்டேனோ? இல்லாவிட்டால் வெறும் பொறாமையோ? ஒழுங்கான விசாவோடு, இரண்டு கையும் பொன்னோடு வந்து இறங்கியவள் மீது... ஓம், பொறாமைதான்.

அடுத்த வசந்தத்தில் ஒருநாள் படியில் எதிர்ப்பட்டாள். சட்டைக் கை சற்று மேலே ஏறியிருந்தது. இடது மணிக்கட்டில் ஒரு வெளிறிய வளையத் தடம் மட்டுமே. காப்பு இல்லை! நான் பார்த்ததைக் கண்டதும் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஒரு இழுப்பு எனக்குப் போதுமாக இருந்தது. கணவரிடம் சொன்னேன். அது அவையின்ர விஷயம், நீர் உம்மட அலுவலைப் பாரும் என்று அவர் முடித்துவிட்டார்.

சில நாட்களில், ஒரு வேலைநாள் முற்பகல், வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து ஓர் ஆணும் பெண்ணும் வந்தார்கள், விசா நீட்டுவதற்கு முன் விசாரிக்கவாம். எதிர்வீட்டு மணியை அடித்தார்கள், திறக்க ஆளில்லை. பிறகு என்னிடம் வந்தார்கள். எதிரே இருப்பவர்கள் உண்மையில் சேர்ந்து வாழ்கிறார்களா?

கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. கணவனை நான் அநேகமாகக் கண்டதே இல்லை என்றேன். அத்தோடு நின்றேனா? அவர்கள் கேளாததையும் சொன்னேன். அவர்களுடைய வழக்கப்படி புருஷன் இருக்கும்வரை அந்த இரும்புக் காப்பைக் கழற்றமாட்டார்கள். இப்போது இவளுடைய இடது கையில் காப்பு இல்லை. அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள். போகும்போது தொலைபேசி இலக்கம் உள்ள அட்டையொன்றைத் தந்தாள்.

கவனியுங்கள்... நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் மிதாலி கதவைத் தட்டினாள். கையில் ஒரு பெட்டி பணிஸ் ரொட்டி. முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு மாதமாக ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பழகிக்கொண்டிருந்தாளாம். நிரந்தரமாகும்வரை வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்று மறைத்தாளாம். அங்கே கையில் எந்த நகையும் போடக்கூடாது.

“காப்புக்குப் பதிலாக உள்சட்டையில் ஓர் இரும்பு ஊசி குத்தியிருக்கிறேன், திதி. அம்மாவுக்கும் தெரியாது. வெறுங்கையைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.”

நானும் சமையலறையில் வேலை செய்கிறவள். ஒவ்வொரு நாளும் மோதிரத்தையும் காப்பையும் கழற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியும் தள்ளிவிட்டேனோ? இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

அந்த அலுவலகப் பெண் தந்த அட்டை மேசை லாச்சிக்குள் கிடந்தது. ஓர் அழைப்பு எடுத்தால் போதும். ஆனால் எங்கள் பிரஜாவுரிமை விண்ணப்பம், அன்ட்ராக் என்பார்கள், அதே அலுவலகக் கட்டடத்தில் யாரோ ஒருவரின் மேசையில் கிடந்தது. சொன்னதை மாற்றினால் என்னைப் பொய்க்காரி என்று நினைத்துவிட்டால்? மூன்று தடவை தொலைபேசியை எடுத்தேன். மூன்றாம் தடவை மறுமுனையில் ஒரு பெண் தன் பெயரைச் சொன்னாள். வைத்துவிட்டேன்.

பிறகு அவர்களைத் தனித்தனியாக அழைத்து விசாரித்தார்கள். கட்டிலில் யார் எந்தப் பக்கம்? காலையில் யார் முதலில் எழும்புவது? மாமியார் எப்போது பிறந்தவர்? காப்பு எங்கே? விசாவை மூன்று மூன்று மாதமாகத்தான் நீட்டினார்கள். வெள்ளி இரவுகளில் சுவருக்கு அப்பால் யூர்கனின் குரல் உயரத் தொடங்கியது. ஒன்றுமில்லாததற்கு எத்தனை தரம் பதில் சொல்வது என்று கத்துவான். அவளுடைய குரல் ஒருநாளும் எனக்குக் கேட்டதில்லை.

ஒரு பிற்பகல் என் குசினியில் வந்து இருந்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை.

“காப்பைப் பற்றி இந்தக் கட்டடத்தில் இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். உங்களிடம். உடுப்புத் தோய்க்கும் அறையில் ஒருநாள் கீழ்வீட்டு ஃபிராவ் லேமனிடம்.” என்னைப் பார்த்தாள். “அவள்தான், இல்லையா திதி?”

ஃபிராவ் லேமன் தனியாக வாழும் வயதான பெண். எந்நேரமும் யன்னல் திரைக்குப் பின்னால் நிற்பாள். குப்பையைப் பிரித்துப் போடாதவர்களோடு சண்டை பிடிப்பாள். அவளை ஒருவருக்கும் பிடிக்காது.

“அவளாகத்தான் இருக்கும்” என்றேன்.

உங்களுக்குக் கேட்கிறதா? முதலில் சொன்னது பொறாமை. பிறகு சொல்லாமல் விட்டது பயம். இது என்ன? இதற்கு நான் என்ன பெயர் வைப்பேன்?

யூர்கன் கீழே போய் அந்த அம்மாவின் வாசலில் நின்று கத்தினான். கட்டடம் முழுவதும் அறிந்துகொண்டது. அன்று மாலை என் கணவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்.

“உம்மட்டையும் வந்து கேட்டவங்களோ?”

“இல்லை. நான் வேலையில நிண்டனான்.”

அவர் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவருக்குத் தெரியுமோ? அன்றிலிருந்து அவருடைய ஒவ்வொரு மௌனத்தையும் சந்தேகிக்கிறேன்.

ஒரு மாதம் அம்மாவோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று மிதாலி கல்கத்தாவுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. யூர்கன் வீட்டைக் காலிசெய்தான். எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது.

ஃபிராவ் லேமன் இன்னும் கீழேதான் இருக்கிறாள். அவளுக்கு முழங்கால் ஏலாது. இப்போது எனக்கு வார இறுதி வேலை இல்லை; சனிக்கிழமைகளில் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளை நான்தான் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போன சனிக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தக் கட்டடத்தில் என்னோடு பேசுகிறவள் நீ ஒருத்திதான். நான் அவர்களுக்கு என்ன செய்தேன்? உனக்காவது தெரியுமா?”

தெரியாது என்றேன். போத்தல்களைக் குளிர்பெட்டிக்குள் அடுக்கினேன். வருகிற கிழமை எத்தனை பெட்டி வேண்டுமென்று கேட்டேன்... இரண்டு என்றாள்.