படகுக்காரர் மகனின் எட்டு விரல்கள்

மார்னிக்ஸ் டெர்விண்ட்டை நான் முதன்முதலில் பார்த்தபோது அவன் முகம் தெரியவில்லை. உத்ரெக்ட் இசைக் கல்லூரியின் மேல்மாடி அறையில், ஒரு பெரிய பியானோவின் மூடியைத் தூக்கி நிறுத்திவிட்டு அதன் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தான். உள்ளே கம்பிகளை எதனாலோ தட்டிக்கொண்டிருந்தான். எதனால் என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்த, கம்பளி சுற்றிய என் முரசுக் குச்சிகள் அவை.

"அது என்னுது," என்றேன்.

"தெரியும்," என்று பியானோவுக்குள்ளிருந்து பதில் வந்தது. "நல்ல குச்சி. இன்னும் அஞ்சு நிமிஷம்."

"திருட்டுப் பயலே, கேட்டு எடுக்கத் தெரியாதா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

தலையை வெளியே எடுத்தான். காது இரண்டும் விரிந்து நிற்கும் நெட்டையான பையன், மூக்கில் தூசி. அன்றிலிருந்து இன்றுவரை நாங்கள் ஒரே மேடையில்தான் இருக்கிறோம். என் பெயர் லிடேவை. தாளவாத்தியக்காரி, எப்போதும் கடைசி வரிசை. அங்கிருந்து பார்த்தால் எல்லாருடைய முதுகும் தெரியும், எங்களை நடத்த நிற்கும் அவன் முகம் மட்டும் நேராகத் தெரியும்.

அவன் பிறந்தது படகில் என்றே சொல்லலாம். அப்பா ஹார்ம், ரைன் நதியில் மணலும் சரளைக்கல்லும் ஏற்றிப் போகும் சரக்குப் படகின் சொந்தக்காரர். பெற்றோர் படகிலேயே குடித்தனம். படகுக்காரர் பிள்ளைகள் எல்லாரையும் போல இவனையும் ஆறு வயதில் நைமேகனில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பழைய பியானோ கிடந்தது. விடுமுறைக்குப் படகுக்குப் போனால் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பைபிளின் சங்கீதப் பாடல்கள் வாசிக்கும் காலால் மிதிக்கிற ஆர்மோனியம். அவ்வளவுதான் அவனுடைய ஆரம்பம்.

மகன் இசைக் கல்லூரிக்குப் போனதில் ஹார்முக்கு வருத்தம் இல்லை, ஆச்சரியம்தான். ஆனால் அவன் வாசித்ததைக் கேட்டதும் அந்த ஆச்சரியம் கவலையாக மாறியது. மற்ற பிள்ளைகள் நூறு வருடப் பழைய மேதைகளை வாசித்தார்கள். இவன் போன வாரம் எழுதி மை காயாததை வாசித்தான். கம்பிகளுக்கு நடுவே அழிரப்பரைச் செருகினான், மூடியைத் தட்டினான், சில சமயம் முழங்கையால் கட்டைகளை அமுக்கினான்.

"பியானோ கெட்டுப்போச்சா, நீ கெட்டுப்போயிட்டியாடா?" என்று ஹார்ம் ஒரு முறை கேட்டதாக அவனே சொல்லிச் சிரிப்பான்.

படிப்பு முடிந்ததும் நண்பர்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தோம். எக்ஸ்டர் என்று பெயர் வைத்தோம், எங்கள் ஊர்க் கருப்பு வெள்ளைப் பறவையின் பெயர். புதிதாக எழுதப்பட்ட இசையை மட்டுமே வாசிப்பது என்று முடிவு. மூடிப்போன ஒரு சலவை ஆலையில் ஒத்திகை. குளிர்காலத்தில் புல்லாங்குழல்காரி கையுறை போட்டுக்கொண்டு வாசிப்பாள். மதியம் எல்லாரும் நீராவிக் குழாய்மேல் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்போம், மோர் குடிப்போம். மார்னிக்ஸ் எங்கள் பியானோக்காரன். இசை நடத்த வெளியிலிருந்து யாரையாவது அழைத்துக்கொள்வோம்.

கேஸ்யே ஓட்டஃபாங்கரின் படைப்பு வந்தபோதுதான் எல்லாம் மாறியது. கேஸ்யே குரோனிங்கனைச் சேர்ந்த இசையமைப்பாளர். அப்போதே ஐம்பதைத் தாண்டியவர், சுருட்டிய புகையிலை வாயை விட்டு இறங்காது. அவர் எங்களுக்கு எழுதிக் கொடுத்ததில் ஐந்து பிரிவினர் ஐந்து வேகத்தில் வாசிக்க வேண்டும், நடுநடுவே எல்லாரும் ஒரே புள்ளியில் வந்து முட்ட வேண்டும். முட்டவேயில்லை. அழைத்து வந்த நடத்துநர் கோலை ஆட்ட ஆட்ட, நாங்கள் ஆளுக்கொரு திசையில் போனோம். மூன்றாம் நாள் அந்த மனிதர் கோலைக் கீழே வைத்தார்.

"நீங்க யாரும் என்னைப் பார்க்கல. எல்லாரும் அந்தப் பியானோக்காரரையே பார்க்கறீங்க. அப்புறம் நான் எதுக்கு?"

உண்மைதான். மார்னிக்ஸ் தனக்காகத் தலையை ஆட்டி எண்ணிக்கொண்டிருந்தான். எங்களை அறியாமலே எங்கள் கண் அந்தத் தலையில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நடத்துநர் நல்ல மனிதர். கோபமே இல்லாமல் கோட்டை மாட்டிக்கொண்டு, கோலை மார்னிக்ஸின் பியானோக் கட்டைமேல் வைத்துவிட்டுப் போனார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது," என்றான் மார்னிக்ஸ்.

மூலையில் புகைத்துக்கொண்டிருந்த கேஸ்யே, "தெரிஞ்சவன் இப்பதான் போறான். நீ எழுந்திரு," என்றார்.

ஆம்ஸ்டர்டாமில் அரங்கேற்றம். பியானோவுக்கு வேறு ஆளை உட்காரவைத்துவிட்டு மார்னிக்ஸ் முதன்முறையாக எங்கள் முன்னால் நின்றான். பாதிவரை அழகாகப் போனது. பிறகு அவன் கண்ணில் ஒரு வெறுமை வந்ததைப் பார்த்தேன். பக்கத்தைத் திருப்பினான், மறுபடி பழைய பக்கத்துக்கே திருப்பினான். இடம் தவறிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சும்மா கையை ஆட்டி ஒப்பேற்றியிருப்பார்கள். புது இசை, தப்பு யாருக்குத் தெரியப்போகிறது? அவன் இரண்டு கைகளையும் இறக்கினான். சபையைப் பார்த்துத் திரும்பினான்.

"மன்னிக்கணும். நான் தொலைஞ்சுபோயிட்டேன். இவங்க யாரும் தொலையல, நான் மட்டும்தான். மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாமா?"

பின்வரிசையில் ஒருவர், "ஆரம்பிங்க, ஆரம்பிங்க! முதல் பாதி எனக்கும் புரியல!" என்று கத்தினார். அரங்கமே சிரித்தது. இரண்டாவது முறை நாங்கள் வாசித்ததைப் போல அதற்கப்புறம் அந்தப் படைப்பை நாங்களே வாசித்ததில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் ஐந்து வேகங்களும் ஒரே புள்ளியில் வந்து முட்டின.

முடிந்ததும் மார்னிக்ஸ் கேஸ்யேவிடம் போய்த் தலைகுனிந்து நின்றான். அவரை அவன் என்றைக்கும் 'நீங்கள்' என்றுதான் சொல்வான், நாங்கள் எல்லாம் பேர் சொல்லி அழைக்கும் காலம் வந்த பிறகும்கூட.

"உங்க பாட்டைக் கெடுத்துட்டேன்."

"நிறுத்தினியே, அது சரி. நிறுத்தாம ஒப்பேத்தியிருந்தா உன்னை அப்படியே கால்வாய்ல தள்ளியிருப்பேன். வா, பசிக்குது."

அதற்குப் பிறகு அவனுக்கு ஏறுமுகம். பெர்லினில், ஒசாகாவில், ஹெல்சின்கியில் எல்லாம் புதுப் படைப்பு என்றால் மார்னிக்ஸைக் கூப்பிட்டார்கள். பியானோவையும் விடவில்லை. ஒரு மாதம் நின்று நடத்துவான், மறு மாதம் உட்கார்ந்து வாசிப்பான். அப்பாவை மட்டும் ஒரு நிகழ்ச்சிக்கும் வரவழைக்க முடியவில்லை. "கையை ஆட்டுறதப் பாக்க நான் எதுக்கு வரணும்? சின்ன வயசுல அவன் கரையில நின்னு எனக்கு டாட்டா காட்டும்போது நிறையப் பாத்திருக்கேன்," என்பார் ஹார்ம்.

நாற்பத்து மூன்றாவது வயதில் அவனுடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மடங்க ஆரம்பித்தன. வலி கிடையாது. கோப்பை பிடிப்பான், சட்டைப் பொத்தான் போடுவான், எல்லாம் சரி. பியானோவில் வைத்தால் மட்டும் அந்த இரண்டும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். பல மாதம் யாருக்கும் சொல்லவில்லை. மற்ற விரல்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளித்தான். அந்த வருடம் அவன் பியானோ என் முரசுகளுக்குப் பக்கத்திலேயே இருந்ததால் எனக்குத் தெரிந்துவிட்டது.

"கையைக் காட்டு."

"என்ன கை?"

"மார்னிக்ஸ்."

காட்டினான். "விரல் என் பேச்சைக் கேக்கல, லிடேவை," என்றான். அவன் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

வைத்தியர்கள் ஓய்வு என்றார்கள், பயிற்சி என்றார்கள், ஊசி போட்டார்கள். விரல்கள் திரும்பவில்லை. வீட்டுப் பியானோவை மூடி, அதன்மேல் பூந்தொட்டிகளை வைத்தான். அந்தக் கச்சேரிப் பருவம் முழுவதும் ஒத்திகையில் எங்கள்மேல் எரிந்து விழுந்தான். ஒரு சின்னப் பிசகுக்குக் கிளாரினெட்காரனை எல்லார் முன்னாலும் எட்டு முறை தனியாக வாசிக்கவைத்தான். ஒன்பதாவது முறைக்குக் கையைத் தூக்கியபோது நான் பெரிய முரசை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"போதும்," என்றேன். "நாங்க என்ன உன் ரெண்டு விரலா? நீ சொன்னா நாங்க கேக்குறவங்கதானே. எதுக்கு இந்தக் கத்தல்?"

அவன் முகம் சிவந்தது. கோலை வைத்துவிட்டு வெளியே போனான். போனவன் திரும்ப மாட்டான் என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில், தெருமுனைக் கடையிலிருந்து ஒரு முழு ஆப்பிள் கேக்கோடு வந்தான். முதல் துண்டை வெட்டிக் கிளாரினெட்காரனிடம் கொடுத்தான்.

"உன்கிட்டதான் மொதல்ல மன்னிப்புக் கேக்கணும்," என்றான்.

"கேக்கோட கேக்கறதால விட்டுடறேன்," என்றான் அவன்.

அதன் பிறகு மார்னிக்ஸ் நல்ல நடத்துநரானான். அதற்கு முன்னால் அவன் கெட்டிக்காரன், அவ்வளவுதான். பியானோ இல்லாத கை, எங்களைக் கேட்கப் பழகிக்கொண்டது. புதிதாக எழுதும் பிள்ளைகள் பயந்து பயந்து கொண்டுவருவதை முழுதாகப் படித்துவிட்டு, "இதை எப்படிக் கேக்கணும்னு நினைச்ச? பாடிக் காட்டு," என்பான். அவர்களும் வெட்கப்பட்டுக்கொண்டு பாடுவார்கள். அப்படி அவன் கையால் முதன்முதலில் ஒலித்த படைப்புகள் ஏராளம். ஆனால் பூந்தொட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பத்து வருடம் கழித்துக் கேஸ்யே அவனுக்குத் தொலைபேசினார். எண்பதை நெருங்கிவிட்டார், குரல் மட்டும் அப்படியே. அவன் எனக்குச் சொன்னபடி பேச்சு இப்படிப் போனது:

"உனக்கு எத்தனை விரல் மிச்சம்?"

"எட்டு."

"பழைய மேதைங்களுக்குப் பத்து வேணும். எனக்கு எட்டு போதும். தொட்டியை எடுத்துக் கீழ வை."

அவர் எழுதியனுப்பியது பியானோவுக்கும் குழுவுக்குமான படைப்பு. பியானோவில் உட்கார்ந்தபடியே அவன் எங்களையும் நடத்த வேண்டும். இடது கை வாசித்துக்கொண்டே இருக்கும். வலது கை மூன்று விரலால் கொஞ்சம் வாசிக்கும், பிறகு மேலே எழுந்து எங்களை அழைக்கும், மறுபடி இறங்கும். 'மதகு' என்று பெயர், நதியில் படகை இரண்டு கதவுகளுக்கு நடுவே நிறுத்தித் தண்ணீர் ஏறும்வரை காக்கவைப்பார்களே, அந்த மதகு. தண்ணீர் மெல்ல மெல்ல ஏறுவது போலத் தொடங்கி, கதவு திறப்பது போல முடியும்.

முதல் ஒத்திகையில் அவன் விரல்கள் பத்து வருடத்துத் துருவோடு தடுமாறின. நாங்கள் காத்திருந்தோம். மடங்கும் இரண்டு விரல்களை அவன் முதலில் மறைக்கப் பார்த்தான், பிறகு அவை பாட்டுக்கு மடங்கட்டும் என்று விட்டுவிட்டான். இரண்டாவது வாரம், இடைவேளையில் எல்லாரும் காபிக்குப் போன பிறகும் அவன் எழவில்லை. கதவுக்கு வெளியே கோப்பையோடு நின்று கேட்டோம். அம்மாவின் ஆர்மோனியப் பாட்டு ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தான், எட்டு விரலில்.

ஆர்ன்ஹெமில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் அரங்கேற்றம். கேஸ்யே நடுவரிசையில், புகைக்க முடியாத எரிச்சலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் யார் என்று பார்த்தால், ஹார்ம்! ஓய்வுபெற்று, சுட்ஃபனில் ஐசல் நதிக்கரை வீட்டில் படகுகளை எண்ணிக்கொண்டிருந்தவரைக் கேஸ்யேவே தொலைபேசியில் கூப்பிட்டுக் கிளப்பிவிட்டிருந்தார். எண்பத்தெட்டு வயது, கோட்டும் டையும்.

நன்றாக வாசித்தோம். கதவு திறக்கும் இடத்தில் மார்னிக்ஸின் வலது கை காற்றில் உயர்ந்தது. எங்கள் எல்லாருடைய ஒலியும் அதன் கீழே பெருகியது. அவன் முகத்தில் இருந்ததை நான்தான் நேராகப் பார்த்தேன். அன்று பியானோவுக்குள்ளிருந்து தலையை எடுத்த பையனின் முகத்தைவிட அது இளமையாக இருந்தது.

சபை எழுந்து நின்று கைதட்டியது. ஹார்ம் மட்டும் எழவில்லை. தாடை மார்பில் சாய்ந்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கேஸ்யே முழங்கையால் இடித்து எழுப்பினார்.

மேடைக்குப் பின்னால் மார்னிக்ஸ் அப்பாவின் முன் வந்து நின்றான்.

"எப்படி இருந்ததுப்பா?"

"தூங்கிட்டேன்டா."

"பாத்தேன்."

"பேரு மதகுன்னு போட்டிருந்தாங்க. மதகுல படகு நிக்கிறப்ப தூங்கலேன்னா அப்புறம் எப்ப தூங்குறது?"

கேஸ்யேவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "இதுவரைக்கும் என் பாட்டுக்குக் கிடைச்ச விமர்சனத்துல இதுதான் நல்லது," என்றார்.

மார்னிக்ஸ் அப்பாவுக்குக் கோட்டை மாட்டிவிட்டான். ஹார்ம் மகனின் வலது கையைப் பிடித்து, அந்த இரண்டு விரல்களையும் ஒரு முறை தடவிப் பார்த்தார். வாசலுக்குப் போனதும்தான் நின்று கேட்டார்.

"மறுபடி எப்படா?"

"வியாழக்கிழமை, மாஸ்ட்ரிக்ட்ல. ரொம்பத் தூரம்ப்பா."

"தூரத்தப் பத்தி எனக்கா சொல்றே? வந்து கூட்டிட்டுப் போ. முன்வரிசையில போடு, அங்க வெளிச்சம் கண்ணுல அடிக்கும். தூக்கம் வராது."

வியாழக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து, முழுதும் விழித்திருந்து கேட்டார்.