மைக்கில் வந்த பெயர்

எனக்கு வயது எண்பத்து மூன்று. நான்கு பெற்று நான்கையும் ஆளாக்கினேன். எவர் வாசலிலும் போய் நின்றதில்லை. ஒருவன் சிங்கப்பூரில் இருக்கிறான். மற்றவர்கள் தஞ்சாவூர், சென்னை என்று போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் காலமான பிறகு இந்த வீட்டில் நானும் காத்தாடிச் சத்தமும்தான்.

அவர் கால்பந்து விளையாடியவர். மயிலாடுதுறைப் பக்கம் ஓர் அரிசி மில்லில் வேலை கிடைத்ததே அந்த ஆட்டத்துக்காகத்தான். மெட்ராசிலிருந்து ஒரு டீம் கூப்பிட்டது. ஆடவிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. அதன்பிறகு தை அறுவடை முடிந்து எந்த ஊரில் அறுத்த வயலில் மூங்கில் நட்டு கோல் கட்டினாலும் போய் ஆடுவார். பஸ் சார்ஜும் ஒரு வேளைக் கறிச்சோறும் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

அந்த நாளில் பொம்பளைகள் ஆட்டம் பார்க்கப் போக மாட்டோம். ஆனால் மைக் செட் கட்டி, ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்தால் கொல்லையில் நின்றே கேட்கலாம். புருஷன் பெயரை நான் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. மைக்காரன் அதை ஊரே கேட்கும்படி சொல்வான். கோல் போடுகிறவன் பெயர் ஓயாமல் வரும். இவர் பின்னால் நின்று தடுக்கிறவர், பெயர் எப்போதாவதுதான் வரும். அதற்காகப் பாத்திரத்தை உருட்டாமல் காத்திருப்பேன்.

ஒரு மாசியில் எங்கள் ஊரிலேயே ஆட்டம் நடந்தது. காற்றும் தோதாக இருந்தது. பாதி ஆட்டம் முடிந்தும் அவர் பெயர் வரவில்லை. அடிபட்டுக் கிடக்கிறாரோ என்று பயந்து, வரப்பேறி நடந்தேன். “அண்ணி, நீங்க எந்தப் பக்கம் ஆடப் போறீங்க?” என்று கூட்டத்தில் ஒருத்தன் கேலி செய்தான். நான் நிற்கவில்லை.

கோட்டுக்கு வெளியே, மற்றவர்களின் சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பில் அடி ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் வேறொருவன் ஆடிக்கொண்டிருந்தான்.

“எதுக்கு வந்தே?”

“பேரு கேக்கலிங்க. அதான்.”

மடியிலிருந்த சட்டைகளை ஒழுங்காக அடுக்கினார். பிறகு, “இனிமே கேக்காது” என்றார்.

அத்தனை ஆம்பளைகள் நடுவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் பார்த்தது அந்த ஒரு ஆட்டம்தான். அதில் அவர் ஆடவில்லை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தார். சோறு சேர்ந்து தின்றோம். பேச்சுதான் இல்லை.

இப்போது பிள்ளைகளுக்கு அவர் அப்பா, ஊருக்குப் பெரியவர். பெயரைச் சொல்ல ஆள் இல்லை. லீவுக்கு வந்திருக்கும் பேத்தியிடம் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

“கண்ணு, ஒரு தடவ படிச்சுக் காட்டும்மா. மைக்காரன் சொல்ற இடத்துல தாத்தா பேரைச் சேத்துக்க. கொஞ்சம் சத்தமாப் படி.”