பத்து நாள் தள்ளிப்போட்ட பயணம்

தாமரைக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம்தான் பேசும் என்பார் சேதுராமன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் பாத்திரச் சத்தத்தை அவர் பக்கத்தில் இருந்து கேட்டது மூன்று வருஷம்கூடத் தேறாது. மீதியெல்லாம் போனில் கேட்டதுதான்.

அவர் துபாயில் ஏ.சி. மெக்கானிக்காகச் சேர்ந்து சூப்பர்வைசர் வரைக்கும் போனவர். அங்கே கராமா பகுதியில் ஆறு பேர் தங்கிய ரூமில் கட்டில் மாறாமல் இருந்தவர். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பத்தைந்து நாள் லீவு. திருச்சி உறையூரில் தாமரையை ‘துபாய்க்காரர் சம்சாரம்’ என்பார்கள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அவள் தனியாகக் காஸ் சிலிண்டருக்கு நின்றாள், தனியாக மகளின் பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போனாள், தன் அப்பா செத்தபோது தனியாக அழுதாள். மகள் சம்யுக்தா பிறந்து பதினோரு மாதம் கழித்துத்தான் அப்பா வந்து பார்த்தார். தூக்கியதும் பிள்ளை வீறிட்டது. பாவம், அது யாரைக் கண்டது!

ஒவ்வொரு லீவிலும் கிளம்பும்போது, “ரிடையர் ஆகட்டும், உன்னைக் கூட்டிட்டுப் போயி அந்த ஊரு முழுக்கக் காட்டுறேன்” என்பார். தாமரை நம்பியதில்லை. சொன்னவரும் நம்பியிருப்பார் என்று தோன்றவில்லை.

ஆனால் மனுஷன் ரிடையர் ஆகி ஊர் திரும்பியதும் சொன்னபடி செய்தார். 2020 ஜனவரிக் கடைசியில் சம்யுக்தாவுக்கு வளைகாப்பு முடிந்த கையோடு, ரெண்டு பேருக்கும் விசிட் விசா எடுத்தார். பழைய ரூம்மேட் நிஜாம் துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் கராஜ் வைத்திருந்தான். பழைய கோஸ்டர் மினி பஸ்ஸை வாங்கி, சீட்டைப் பிடுங்கிவிட்டு, கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் வைத்து, குளிர்காலத்தில் கடற்கரைக்குப் போய்த் தங்குகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவான். அதில் ஒன்றின் சாவியை சேதுராமன் கையில் வைத்து, “குளிர் முடியிற வரைக்கும் இது உங்க வண்டிண்ணே. அண்ணிய நல்லா சுத்திக் காட்டுங்க” என்றான்.

அந்த ஆறு வாரத்தைத் தாமரையிடம் கேட்க வேண்டும். ராஸ் அல் கைமா கடற்கரையில் நாலு நாள், புஜைராவில் ஒரு வாரம், ஹத்தா மலையடியில் காற்று வண்டியை ஆட்டுகிற ஒரு இடத்தில் மூன்று நாள். வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உப்புமா கிண்டுவாள். எதிரே கடல். வழியில் ஒரு கட்டடம் விடமாட்டார் சேதுராமன். “அந்த ஏழாவது மாடி பூரா நான் போட்ட ஏ.சி.” என்பார். “அப்ப இந்த ஊரு குளிருக்கும் நீங்கதான் காரணமா?” என்று கேலி செய்வாள். மடக்கு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி என்று ஐம்பத்தைந்து வயதில் கற்றுக்கொண்டாள். பகல் வெளிச்சத்தில் புருஷனின் முகத்தைத் தொடர்ந்து இத்தனை நாள் பார்த்ததும் அப்போதுதான்.

திரும்புவதற்கு மார்ச் 14-க்கு டிக்கெட். சம்யுக்தாவுக்கு ஏப்ரல் 12 என்று டாக்டர் நாள் சொல்லியிருந்தார். அம்மா திருச்சி வந்ததும் அவள் சென்னையிலிருந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதாக ஏற்பாடு. அவள் மாமியார் கோயம்புத்தூரில் முழங்கால் வலியோடு இருப்பவர், அவரால் ஆகாது.

சீனாவில் காய்ச்சல் என்றார்கள், அப்புறம் இத்தாலி என்றார்கள். மார்ச் முதல் வாரம் இங்கேயும் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். சேதுராமன் மடக்கு நாற்காலியை மடக்கி வண்டிக்குள் வைத்தார்.

“போதும் தாமரை, கிளம்பிடலாம். இந்தத் தடவையாவது ஆஸ்பத்திரி வாசல்ல நான் நிக்கணும்.”

தாமரைக்குக் கிளம்ப மனம் வரவில்லை. ஊருக்குப் போனால் மறுபடி அடுப்பு, பத்தியச் சமையல், பிள்ளை துணி. அதைச் செய்யமாட்டேன் என்றில்லை. அதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் இப்படி இருந்துவிட்டுப் போகலாமே என்று இருந்தது. “பத்து நாள் தள்ளிப் போடுங்க” என்றாள். அவர் தயங்கினார். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“முப்பது வருஷம் நீங்க சொன்ன சொல்லுக்கு நான் காத்துக் கெடந்தேன். எனக்காகப் பத்து நாள் பொறுக்க மாட்டீங்களா?”

சேதுராமன் டிக்கெட்டை 24-க்கு மாற்றினார். பத்து நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று அந்த மாதத்தில் பாதி உலகம் சொல்லிக்கொண்டிருந்தது, இவளும் சொன்னாள். மகளிடம் “கொஞ்சம் தள்ளிப் போகுதுடா” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

19-ஆம் தேதி செய்தி வந்தது. 22-க்குப் பிறகு இந்தியாவுக்குள் எந்த விமானமும் இறங்காது. இருக்கிற ரெண்டு மூன்று நாளில் ஒரு சீட்டும் கிடைக்கவில்லை. சேதுராமன் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் போன் போட்டார். கடைசியில் வண்டியை அஜ்மானுக்கு ஓட்டிவந்து நிஜாமின் கராஜுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். இங்கேயும் ஊரடங்கு, சென்னையிலும் ஊரடங்கு. அம்மா இல்லாத வீட்டுக்கு எதற்கு என்று திருச்சிக்குக் கிளம்பாமல் இருந்த சம்யுக்தா, ஒன்பதாம் மாத வயிற்றோடு புருஷனும் அவளுமாகச் சென்னை ஃபிளாட்டில் மாட்டிக்கொண்டாள்.

போனில் அழுதாள். “14-ஆம் தேதி டிக்கெட் இருந்துச்சேம்மா. அப்பாதானே மாத்தினாரு?”

தாமரை சொல்லியிருக்கலாம். நான்தான்டி என்று ரெண்டே வார்த்தை. ஆனால் அந்த நேரத்தில், அழுகிற மகளிடம், பிள்ளைப்பேற்றுக்கு வராமல் கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் உன் அம்மாதான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. “ம்” என்றாள். அவ்வளவுதான்.

“எனக்குத் தெரியும். நான் பொறந்தப்பவும் வரல, இப்பவும் வரல” என்று சம்யுக்தா போனை வைத்துவிட்டாள்.

சேதுராமன் பக்கத்தில்தான் இருந்தார், எல்லாம் கேட்டது. எழுந்து போய் வண்டியின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார். அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால் தாமரைக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏப்ரலில் வெயில் ஏறியது. நிஜாம் கராஜிலிருந்து வயர் இழுத்து வண்டிக்கு ஏ.சி. ஓட வழி செய்து கொடுத்தான். அவன் மனைவி அஃப்னா மதியம் சோறு கொடுத்தனுப்புவாள். ஒரு கட்டில் நீளமே உள்ள இடத்தில் ரெண்டு பேரும் இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழகினார்கள். தாமரை தினமும் மனசுக்குள் ஒத்திகை பார்ப்பாள். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். மகள் குரல் கேட்டதும் நாளைக்கு என்று ஆகிவிடும். பிரசவ நேரத்தில் மனசு கலங்கக்கூடாது என்று தனக்கே ஒரு சாக்கும் கிடைத்தது.

ஒன்பதாம் தேதி ஆண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குள் மாப்பிள்ளையைக்கூட விடவில்லையாம். பெற்றவள் தனியாகப் பெற்றாள். அதைக் கேட்டபோது தாமரை தலையில் அடித்துக்கொண்டாள்.

பதினோராம் நாள் பெயர் வைத்தார்கள். வீடியோவில் கூப்பிட்டாள் சம்யுக்தா. கண்ணுக்குக் கீழே கருவளையம், தலை வாரவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி போனுக்கு நேரே பிடித்தாள். சேதுராமன் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, “என் ராசா, தாத்தாவப் பாருடா” என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். உடனே போன் திரும்பிவிட்டது. திரையில் சுவரும் காற்றாடியும் தெரிந்தன.

“அம்மா, உன்கிட்ட மட்டும் பேசணும்.”

சேதுராமன் சத்தமில்லாமல் இறங்கி வண்டிக்கு வெளியே போய் நின்றார். அந்த முதுகைப் பார்த்ததும் தாமரைக்குத் தாங்கவில்லை.

“சம்யு, டிக்கெட்ட மாத்தச் சொன்னது நான். அப்பா வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல. எனக்குத்தான் அங்க வர மனசில்லாம இருந்துச்சு.”

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கியது.

“போதும்மா. எனக்கு அஞ்சு வயசுல, பொறந்தநாளுக்கு அப்பா வரலன்னு அழுதப்ப, நான்தான் வர வேணாம்னு சொன்னேன்னு சொன்ன. காலேஜ் சேரும்போதும் அதையேதான் சொன்ன. எப்பப் பாரு அவருக்காகப் பழிய உன் தலையில போட்டுக்குவ. அப்பவும் நான் நம்பல, இப்பவும் நம்ப மாட்டேன்.”

“இல்லடி, சாமி சத்தியமா…”

“சத்தியம் வேற பண்ணாத. பிள்ளை அழறான், வைக்கிறேன்.”

தாமரை போனைக் கீழே வைத்தாள். அந்தக் காலத்தில் மகளிடம் சொன்னதெல்லாம் பொய்தான். அவர் பேரைக் காப்பாற்றச் சொன்ன பொய். அத்தனையும் சேர்ந்து இன்றைக்கு இந்த ஒரு நிஜத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டது.

கதவுப் படியில் சேதுராமன் வந்து உட்கார்ந்தார். மெல்லிய தகரச் சுவர், கேட்காமலா இருக்கும்.

“அழாத. எனக்குப் பழகிப்போச்சு” என்றார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “நான் சரியாப் பாக்கல. பிள்ளைக்கு மூக்கு யாரு மூக்கு?”

தாமரை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“உங்க மூக்குதான். அப்படியே உங்க மூக்கு.”

சேதுராமன் தன் மூக்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“என் மூக்குன்னு சம்யுகிட்ட சொல்லிடாத” என்றார்.