ராத்தாவின் கிட்னிக்குப் போட்ட ஊசி

என் வயிற்றின் வலப்பக்கத்தில் இருப்பது ராத்தாவின் கிட்னி. ராத்தா என் மூத்த சகோதரி. அதை வெட்டிக் கொடுத்த அன்று சத்திரசிகிச்சைக்குச் சிரித்துக்கொண்டு போனவள். அதே மனுசி கொரோனா ஊசி என்றதும் வெங்காயத் தோட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

எனக்கு இரண்டு ஊசியும் போட்டு முடிந்த பிறகுதான் அவளுடைய நியாயம் வெளியே வந்தது.

"என்ட கிட்னிக்கு ரெண்டு தரம் ஊசி ஏத்தியாச்சு. பொறகு எனக்கெதுக்கு?"

"அதுலயும் ஒரு நாயம் இருக்குத்தான்" என்றார் அவளுடைய புருசன், என் மச்சான். எனக்கு விசர் பிடித்தது.

பிறகு கிளினிக்கில் என் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஊசி பிடித்ததற்கான அடையாளமே இல்லை. கிட்னியை உடம்பு அந்நியமென்று விரட்டாமலிருக்க நான் குடிக்கும் குளிசைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கின்றன; அது ஊசிக்கும் எழும்பவில்லை என்றார் டொக்டர். மூன்றாவது ஊசி போடலாம், நிச்சயமில்லை. ஊசி போடாத யாரையும் கிட்ட எடுக்காதீர்கள் என்றும் சொன்னார்.

தினமும் பின்னேரம் என்னோடு தேத்தண்ணி குடிக்க வருகிறவள் ராத்தா ஒருத்திதான். நோய்க்கு நான் பயந்தது உண்மை. அவள் வராத பின்னேரங்களுக்கு அதைவிடப் பயந்தேன்.

அவளைப் படலைக்கு வெளியே தெருவில் நிறுத்தி விசயத்தைச் சொன்னேன். அவளுக்கு வந்ததே கோபம்!

"கிட்னியில ஒரு பிழையுமில்ல! ஒன்ட ஒடம்புதான் சோம்பேறி. என்ட பக்கம் வேல செய்யுதா இல்லயாண்டு காட்டுறன் பாரு!"

நேரே ஊசி போடும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

மறுநாள் போன் வந்தது. குரல் நடுங்கினாலும் சந்தோசம் தாங்கவில்லை.

"காச்சல்டா! நூத்தி ரெண்டு!"

மச்சானைக் கொண்டு தெர்மாமீட்டரைப் படமெடுத்து அனுப்பினாள். கையைத் தூக்க ஏலாமல் இருப்பதை நோய் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகச் சொன்னாளாம். காய்ச்சல் வந்தால்தான் ஊசி பிடித்தது என்றில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இரண்டாவது ஊசியும் போட்டுச் சில கிழமை கழித்து, முகக்கவசத்தோடு வந்து எதிர்க் கதிரையில் இருந்தாள். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. வயிற்றைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"பயப்படாத. நான் ரெண்டு பேருக்கும் சேத்துக் காச்சல் காஞ்சிட்டன்."

என் கண் நிறைந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. இன்னும் கிட்னியோடுதான் கதைத்துக்கொண்டிருந்தாள்.