அயல்நாட்டில் சிக்கியவர்களை ஊருக்கு அழைத்தபோது

வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட தமிழர்களுக்கு அரசு நிதியில் உதவும் ஒரு சின்ன மையத்தில், குமணன்சாவடியில், போன் எடுப்பது என் வேலை. மணி அடித்தாலே எடுக்கப் பயப்படும் உத்தியோகம் உங்களுக்கும் வாய்த்திருந்தால், வாருங்கள், சேர்ந்தே தலையில் கைவைத்துக்கொள்வோம்.

நல்ல செய்தி

பூந்தமல்லி டிரைவர் ஒருவர் விபத்து வழக்கில் வளைகுடாவில் ஜெயிலில் இருந்தார். வக்கீல் வைத்து வெளியே எடுத்தோம். அவர் மனைவி அம்பத்தூர் கார்மெண்ட்ஸில் டைலர். சந்தோஷத்தை நானே சொல்ல வேண்டும் என்று ஆசை.

"வெள்ளிக்கிழமை வந்துடுவாரும்மா" என்றேன். அழுவார் என்று காத்திருந்தேன். தையல் மிஷின் சத்தம் நின்றது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "சார், புள்ளைங்க இப்பதான் பயமில்லாம தூங்குதுங்க. அவர அங்கயே வெச்சுக்க வழியில்லையா?"

மறுபடியும் அவரே

குத்தம்பாக்கத்துச் சமையல்காரர் ஒருவரின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கிக்கொண்டு, கரண்டியைக் காய்ச்சி முதுகில் இழுத்திருந்தான். டிக்கெட் போட்டு வரவழைத்தோம். ஏர்போர்ட்டில் அவர் சட்டையைத் தூக்கிக் காட்டியபோது என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த மாதமே மையத்துக்கு வந்தார். வைத்தியத்துக்கு உதவி கேட்கப்போகிறார் என்று நினைத்து டீ சொன்னேன். அவருக்கு வேண்டியது, மறுபடி வெளிநாடு அனுப்ப நல்ல ஏஜென்ட்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அந்த முதுகோடவா?" என்றேன்.

"அங்க ஒருத்தன்தான் சுட்டான் அண்ணாத்தே. இங்க தெருவுல பாக்கறவன் எல்லாம் 'இன்னா வாங்கியாந்தே'ன்னு கேட்டுக்கினே கீறான்."

ஒரே பெயர்

ஆவடியில் ஓர் அம்மா. கட்டட வேலையில் சாரம் சரிந்து மகன் இறந்துவிட்டதாக அவன் கம்பெனியிலிருந்து தகவல். உடலைக் கொண்டுவரும் ஏற்பாட்டுக்காக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. அப்போது அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அந்த மகனின் குரல்: "அம்மா, நான்தாம்மா!"

உடனே கம்பெனிக்குப் போன் போட்டு விசாரித்தேன். இறந்தது அதே பெயருள்ள திருவண்ணாமலைப் பையன். கம்பெனியில் ஆளை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

சொந்தக்காரர்கள் அழுதும் சிரித்தும் பந்தலைப் பிரிக்க ஓடினார்கள். அந்த அம்மா மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் புள்ளையோட ஊட்டுக்கு யாரு நைனா சொல்லுவாங்க? போன்ல சொல்லிடாதே. நேர்ல போ, நானும் வரேன்."

வக்கீல், டிக்கெட், சவப்பெட்டி எல்லாவற்றுக்கும் அரசு நிதி தருகிறது. போனை எடுக்கிறவனுக்கு வேண்டிய தைரியத்தை மட்டும் நாம்தான் கைக்காசில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.