சந்தனம் பூசிய திறப்பு

பெரியப்பாவின் கார்த் திறப்பை, அதுதான் சாவியை, நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றியெரிகிறது. பல்லெல்லாம் மஞ்சள் சந்தனம் அப்பிக்கிடந்த அந்தத் திறப்பை அப்படியே பிடுங்கி வைத்துக்கொண்டு, அவர் வாயைத் திறக்கும் போதெல்லாம் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டியிருக்க வேண்டும்.

அப்பாவின் தமையன் அவர். கொழும்பில் வாங்கிய பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பிள்ளையார் கோயில் வாசலில் பூசைக்கு நிறுத்தினார். கார்தான் பழையது, அவருடைய எடுப்பு புத்தம் புதிது. ஐயர் முறைப்படி சந்தனம் குங்குமம் வைத்து, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்து, திறப்பையும் தட்டில் வைத்துத் தீபம் காட்டிக் கொடுத்தார். மனுசனுக்கு அது போதவில்லை. கிண்ணத்தில் மிஞ்சிய சந்தனத்தை வழித்தெடுத்து, பாணுக்குப் பட்டர் பூசுவதுபோலத் திறப்பின் இரண்டு பக்கமும் பூசி, ஈரம் காயமுன்னே கொண்டுபோய்க் காரில் செருகினார்.

அந்த நேரம் பார்த்து அம்மா கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். அப்பா செத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாசலில் பெரியப்பாவின் கார் நிற்கிறது, எட்டிப் பார்க்காவிட்டால் குறை நினைப்பார் என்று, தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே வைத்துவிட்டு வந்திருக்கிறார். திறப்போ திரும்பவில்லை. இழுத்தால் வெளியிலும் வரவில்லை. பெரியப்பா தலையை நிமிர்த்தி, நேரே நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"முழுவியளத்துக்கு வந்து நிக்க உமக்கு வேறை நேரம் கிடைக்கேல்லையோ?"

எங்கேயாவது போக வெளிக்கிடும்போது எதிரே வருகிற ஆளைத்தான் நாங்கள் முழுவியளம் என்போம். புருசன் இல்லாதவள் எதிரே வந்ததால்தான் திறப்பு திரும்பவில்லையென்று அவர் சொல்லாமல் சொன்னது கோயில் வாசலில் நின்ற எல்லோருக்கும் விளங்கியது. அம்மா திரும்பி உள்ளே நடந்தார்.

நான் ஓடிப்போய் அம்மாவின் தையல் மெசின் எண்ணெயை எடுத்துவந்தேன். "இறங்குங்கோ பெரியப்பா," என்றேன். திறப்பு போகிற ஓட்டைக்குள் எண்ணெயைச் சொட்டவிட்டு, ஸ்டேரிங்கை ஒரு கையால் மெல்ல அசைத்தபடி, மற்றக் கையால் திறப்பை ஆட்டி ஆட்டி இழுத்தேன். நல்லாய் மல்லுக்கட்டிய பிறகு வந்தது. பல்லிடுக்கெல்லாம் சந்தனம் களியாக இறுகிக் கிடந்தது. எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தேன்.

"இந்தாங்கோ, உங்கடை முழுவியளம்!"

மனுசன் அசைந்தால்தானே! திறப்பை வாங்கித் துடைத்தார். "ஏதோ கண்ணூறு கழிஞ்சுது," என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அன்றிலிருந்து நான் வேலைக்கு வெளிக்கிடும்போதுகூட அம்மா வாசலுக்கு வருவதில்லை. கோபத்தில்தான் வராமல் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

இப்போது பெரியப்பாவுக்குக் கார் ஓட்டக் கண் தெரியாது. போன மாதம் கண் ஒப்பரேசனுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாமல் என்னைத்தான் கூப்பிட்டார். போனேன். என் காரில் ஏற்றி, வேண்டுமென்றே எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிற்பாட்டினேன்.

"அம்மா முன்னாலை வந்து நிண்டால்தான் காரை எடுப்பன். நீங்களே கூப்பிடுங்கோ."

முறைத்துப் பார்த்தார். நான் அசையவில்லை. கடைசியில் கார்க் கண்ணாடியை இறக்கி, "பிள்ளை, ஒருக்கா வாரும்," என்று அம்மாவைக் கூப்பிட்டார். அந்தக் குரலைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோசம்!

அம்மா வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"கண் ஒப்பரேசனுக்கெல்லே போறியள் அத்தான். நான் முன்னாலை வரக்கூடாது. நீங்கள் நல்லபடியாப் போயிட்டு வாங்கோ."

பெரியப்பா கண்ணாடியை ஏற்றினார்.

"பாத்தியே, கொம்மாவுக்கு விளங்குது."

நான் காரை விட்டு இறங்கி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தேன். "ஓட்டோ பிடிச்சுக்கொண்டு போங்கோ," என்றேன்.