பத்துக்குப் பத்து

கந்தப்பளைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் காளியாயி என்றால் பலருக்குத் தெரியாது. ‘பத்துக்குப்பத்து’ என்றால் சின்னப்பிள்ளையும் அவள் குடியிருக்கும் லயத்தைக் காட்டும். அந்தப் பட்டப்பெயரை அவள் வாயே அவளுக்குத் தேடித்தந்தது.

முப்பத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறித்தவள். வலது முழங்கால் தேய்ந்துபோய், மலைச்சரிவில் இறங்கினாலே உயிர் போய் வரும். அப்போதுதான் பிள்ளைக்காம்பராவில் ஓர் ஆள் வேலை காலியானது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சமதரையில் நடக்கிற வேலை. அதைக் கேட்டுத் தோட்டத்தை நடத்தும் துரைக்கு மனுக் கொடுத்துவிட்டு, தினமும் மாரியம்மனுக்கு ஒரு பூ வைத்தாள்.

அந்த வாரமே கம்பனி ஆட்கள் வந்தார்கள். தொழிலாளருக்கு வேலையில் எவ்வளவு மனநிறைவு என்று அளக்கப் போகிறார்களாம். என்ன அக்கறை! காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் மேசை போட்டு, லோஜினி என்ற பெண் கையில் டெப் கணினியோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் கங்காணி பழனியாண்டி.

அளப்பது என்றால் காளியாயிக்குத் தெரிந்தது கொழுந்துத் தராசுதான். பதினெட்டுக் கிலோ காட்டினால் முழுப்பேர். ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர், அன்றைய கூலியில் பாதி போய்விடும். குறைந்த எண்ணைக் காட்டி நல்லது கண்டவள் அந்தத் தோட்டத்தில் ஒருத்தியும் இல்லை.

“வேலை எவ்வளவு திருப்தியா இருக்குங்க? பத்துக்கு எத்தனை போடுவீங்க?” என்று கேட்டாள் லோஜினி.

முழங்கால் விண்விண் என்று தெறித்தது. “பத்தே போட்டுக்க புள்ள,” என்றாள் காளியாயி.

தோட்டத்திலேயே அவள் ஒருத்திதான் பத்து. படம் பிடித்து, கீழே ‘10’ என்று போட்டு, பெக்டரிச் சுவரில் மாட்டினார்கள். பிள்ளைக்காம்பரா வேலை, மூன்று போட்ட ராசம்மாவுக்குப் போனது. அவளுடைய இரண்டு முழங்காலும் கல் மாதிரி இருந்தன.

காளியாயி ஒப்பீசுக்குப் போய் அழுதாள். கிளாக்கர் ஜீவராஜ் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“ஒங்களுக்குத்தான் மலை வேலை புடிச்சிருக்கே. மூணு போட்டவள மலையிலருந்து எறக்குனாத்தான் தோட்டத்து மார்க் ஏறும்னு தொர சொல்லிட்டாரு.”

தன் நாக்கையே அறுத்துப்போடலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. அடுத்த தடவை ஒன்றுதான் என்று வைராக்கியம் வைத்தாள். மலையில் நிரை பிடித்துப் பறிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆடி மழையில் ஏழாம் நம்பர் மலையில் சறுக்கி விழுந்தாள். முழங்கால் சில்லு உடைந்தது. மூன்று மாதம் வேலைக்கு வராததால் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் அவள் பேரை வெட்டிவிட்டார்கள்.

மறுவருடம் அதே மேசை, அதே லோஜினி. காளியாயி தடியை ஊன்றி வந்து, காலை முழுக்க வரிசையில் நின்றாள். அவளைக் கண்டதும் லோஜினி எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு டெப்பில் பேரைத் தேடினாள். பேர் இல்லை.

“ஒண்ணு புள்ள. இந்தத் தடவ ஒண்ணு போடு,” என்றாள் காளியாயி.

“வேலையில இருக்கவங்ககிட்ட மட்டுந்தாம்மா கேக்கணும்,” என்றாள் லோஜினி. காளியாயியின் முகம் வாடியதைப் பார்த்து ஆறுதலும் சொன்னாள். “கவலப்படாதீங்க. நீங்க போட்ட பத்து அப்படியேதான் இருக்கு.”

பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிடும்படி சொன்னார் பழனியாண்டி.